சந்தன நிறம் வரவில்லை

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கொஞ்சம் சிவப்பாகக் காட்டினால் சந்தோஷப்படுவார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் கும்மிடிப்பூண்டியில் ஒரு டைல்ஸ் கம்பெனிக்குப் படம் எடுக்கப் போனேன். ஆரம்பாக்கத்தில் நான் நடத்திய ஸ்டூடியோவை அப்போதுதான் மூடியிருந்தேன்.

எனக்குக் கொடுத்த அறையில் இரண்டு விளக்குகள், ஒரு மேஜை, லாரிகள் நிற்கும் பக்கம் ஒரு ஜன்னல். டைல்ஸும் படமும் ஒரே நிறமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. எல்லா நிறமும் வந்தது, சந்தன நிறம் மட்டும் வரவில்லை. காலையில் நீலம் பாய்ந்தது, மாலையில் மஞ்சள் ஏறியது. நிறம் சரிபார்க்கும் சாம்பல் நிற அட்டையை வைத்துக் கேமராவை எத்தனை முறை சரிசெய்தாலும் அதே கதை.

சூப்பர்வைசர் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

"இன்னாப்பா, வேளைக்கு ஒரு கலரு காட்டினுகீற? கேமரா ரிப்பேரா?"

"கேமரா நல்லாத்தான் சார் கீது."

மூன்றாம் நாள் டைல்ஸைத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தேன். அதன் பளபளப்பில் என் கம்பெனிச் சட்டையின் நீலம் படிந்திருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு எடுத்தேன். பாதி சரியானது. மீதிக் கோளாறு வெளியிலிருந்து வந்தது. வெயில் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் எந்தக் கேமராவும் குழம்பும்.

"ஜன்னலை அடச்சிடலாம் சார்" என்றேன். நானேதான் சொன்னேன்.

அன்றைக்கே பலகை அடித்தார்கள். சுவரெல்லாம் சாம்பல் நிறம் பூசினார்கள். எனக்குக் கறுப்புக் கோட்டு வந்தது. படம் எடுத்து டைல்ஸை அதன் பக்கத்தில் வைத்ததும் சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். "அச்சு அசலா கீதுப்பா!" எனக்கும் பெருமை தாங்கவில்லை.

ஆறு மாதத்தில் அந்த அறை மூச்சை அடைக்க ஆரம்பித்தது. சாப்பிடும் நேரம் தவிர கதவு திறக்காது. லோடு ஏற்றும் பக்கம் மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். எனக்குப் பதிலாக ஒருவரை உட்காரவைத்துப் பார்த்தார்கள். சந்தனம் அவருக்குப் பச்சையாக வந்தது.

"உன்ன உட்டா யாருக்கும் வரலியேப்பா, நான் இன்னா பண்றது?" என்றார் சூப்பர்வைசர். அவர் குரலில் கோபம்கூட இல்லை. கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

போன வாரம் ஆரம்பாக்கத்திலிருந்து மனைவி போன் செய்தாள். "இன்னாங்க, இங்க பேய் மழ. அங்கயும் பெய்யுதா?"

"தெரியலம்மா" என்றேன். கதவைத் திறந்து பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அட்டை வைத்து வெளிச்சத்தை அப்போதுதான் சரிசெய்திருந்தேன்.