காந்தம் பிடித்த கல்

தொண்ணூறுகளின் கடைசியில் அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில் நான் கெமிஸ்ட். பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அங்கே வேலை பார்த்த ஒரே பொம்பளை நான்தான். வாயும் கொஞ்சம் நீளம்.

சுண்ணாம்புக்கல் கிரஷரில் உடைபட்டு பெல்ட்டில் போகும். பெல்ட்டுக்கு மேலே தொங்கும் பெரிய காந்தம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கட்டியாக எதையாவது பிடித்தால் கிரஷருக்குள் கல்லை அடித்து நொறுக்கும் இரும்பு ஹேமர் உடைந்துவிட்டது என்று அர்த்தம். அன்று காலை தேங்காய் அளவில் ஒரு கட்டி மாட்டியது. கிரஷரை நிறுத்தி, மூடியைத் திறந்து, ஆள் இறங்கிப் பார்த்தால் எல்லா ஹேமரும் முழுசாக இருந்தன. கிரஷர் சூப்பர்வைசருக்கு வந்ததே கோபம்! எவனோ பழைய இரும்பைக் குவாரியில் போட்டிருக்கிறான் என்று திட்டிவிட்டு, சாயங்காலம் வரும் ஸ்கிராப் லாரியில் அதை ஏற்றச் சொன்னார்.

சாம்பிள் எடுக்கப் போன நான் அந்தக் கட்டியைப் புரட்டிப் பார்த்தேன். உடைந்த பக்கத்தில் இரும்புக்கு நடுவே கற்கண்டு மாதிரி மஞ்சளும் பச்சையுமாகக் கண்ணாடிக் கற்கள். பாதி கல், பாதி இரும்பு. காலேஜ் பாடத்தில் படித்த விண்கல்லேதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? இது வானத்திலிருந்து விழுந்தது சார் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். சிரித்தார்கள் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லாரி வர்றதுக்குள்ள நிரூபிங்கம்மா. இல்லன்னா அது உருக்குற ஒலைக்குப் போயிரும். நீங்களும் கிரஷர் பக்கம் வராதீங்க" என்றார் சூப்பர்வைசர்.

ஒர்க்‌ஷாப்பில் கெஞ்சி ஒரு சில்லு அறுத்து வாங்கினேன். அப்படிப்பட்ட கல்லில் இரும்பும் நிக்கலும் கலந்த கனிமங்கள் இரண்டு உண்டு. காமசைட்டில் நிக்கல் குறைவு, டீனைட்டில் அதிகம். வானத்தில் கோடிக்கணக்கான வருஷம் மெல்ல மெல்ல ஆறியதில் இரண்டும் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். நைட்ரிக் அமிலம் காமசைட்டை அரிக்கும், டீனைட்டை விட்டுவைக்கும். உலையில் வார்த்த எந்த ஹேமரிலும் அந்தக் கோடுகள் வராது.

சூளையில் வெந்து வரும் சிமெண்ட் கட்டியான கிளிங்கரைத் தேய்க்கும் சக்கரத்திலேயே சில்லைத் தேய்த்து, கிளிங்கருக்கு வைத்திருந்த நைட்ரிக் அமிலத்தையே ஊற்றினேன். ஒன்றுமே தெரியவில்லை. வெளியே லாரி ஹாரன் அடித்தது. அப்புறம்தான் புரிந்தது, ரம்பத்தின் கீறல் இன்னும் போகவில்லை. அவசரப் புத்தி! மத்தியானச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடக்க, விரல் எரிய எரிய மறுபடி தேய்த்து, மறுபடி ஊற்றினேன்.

கோடுகள் எழும்பின. குறுக்கும் நெடுக்குமாக, பாய் பின்னின மாதிரி. நான் போட்ட சத்தத்தில் லேபே திரும்பிப் பார்த்தது.

சில்லையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு கிரஷருக்கு ஓடினேன். கட்டி ஏற்கனவே லாரியில் ஏறியிருந்தது. சூப்பர்வைசர் லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு டிரைவரிடம் போனார்.

"அத எறக்கிட்டு நீ கெளம்புப்பா. அது வராது."

நான் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன். பிறகு திருச்சியிலிருந்து புவியியல் பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்து, விண்கல்தான் என்று உறுதி சொன்னார்.

அந்த வருஷ ஆயுத பூஜையில் கிரஷர் ஆட்கள் ஹேமர்களுக்கெல்லாம் முன்னால் அந்தக் கல்லை வைத்திருந்தார்கள். முதல் பொட்டு எப்போதும் சூப்பர்வைசர்தான் வைப்பார். அவர் சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார்.

"நீங்க வைங்கம்மா."