மஞ்சள் மூட்டைக்குள் போன ரோட்டர்

எங்கள் அப்பாவுக்கு இரண்டு பயங்கள் இருந்தன. காரை எவனாவது ஓட்டிக்கொண்டு போய்விடுவான் என்பது ஒன்று. நான் பஸ்ஸில் போவதைச் சாதிசனத்தில் எவராவது பார்த்துவிடுவார்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அவரிடம் இருந்தது ஒரே மருந்துதான். பூட்டு.

கார் வந்தது எழுபதுகளின் கடைசியில், மஞ்சள் நல்ல விலைக்குப் போன ஒரு வருஷத்தில். சேலத்து வக்கீல் ஒருவர் ஓட்டி ஓட்டி அலுத்துப்போன வண்டி. நாமகிரிப்பேட்டைக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்தைச் சுற்றி வேறு யாரிடமும் கார் கிடையாது. கார் ஓட்டத் தெரிந்தவரும் கிடையாது, அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். லைசென்ஸ் மட்டும் வைத்திருந்தார். ஆகவே திருட வருகிறவன் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். அம்மா ஒருநாள் இதைச் சொல்லிப் பார்த்தாள்.

"உனக்கென்ன தெரியும்? இப்பத்தித் திருடனுங்கெல்லாம் மெட்ராசுக்குப் போயி படிச்சுட்டு வாரானுங்க" என்றார் அப்பா.

படித்துவிட்டு வரும் அந்தத் திருடனுக்காக அவர் செய்த ஏற்பாடுகளைச் சொல்கிறேன். கதவுகளுக்கு வண்டியோடு வந்த பூட்டு இருந்தது. அதை அவர் பூட்டு என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முன் பம்பரிலிருந்து வேப்பமரத்துக்கு ஒரு இரும்புச் சங்கிலி போட்டு, திண்டுக்கல் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டார். அந்தச் சங்கிலி எங்கள் எருமையுடையது. எருமையைப் பழைய கயிற்றில் கட்டினோம். அது வாரம் தவறாமல் அறுத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுச் சோளத்தில் போய் நின்றது. பால் கறக்கிற எருமை ஓடினால் யாராவது பிடித்து வந்து விடுவார்கள், கார் ஓடினால் வருமா என்பது அப்பாவின் வாதம். ஸ்டியரிங்கையும் பிரேக் மிதியையும் இன்னொரு சங்கிலியால் பிணைத்து இன்னொரு பூட்டு. நான்கு சக்கரத்துக்கும் அண்டைக்கல். பேட்டரி ஒயர் கழற்றப்பட்டிருக்கும். சாவிகளை ஒரே கொத்தாக வைத்தால் திருடனுக்கு வசதி என்று, ஒன்றை அரைஞாண் கயிற்றிலும் ஒன்றை சாமி படத்துக்குப் பின்னாலும் மற்றதை அவருக்கே மறந்துபோகும் இடங்களிலும் வைப்பார். எங்கள் பக்கத்தில் சாவியைத் தொறப்பு என்போம். அந்த வீட்டில் நான் அதிகம் கேட்ட வாக்கியம், "ஏனுங்க, தொறப்பு எங்கீங்க?" என்று அம்மா கேட்பதுதான்.

இத்தனையும் கழற்றிய பிறகு வண்டியைக் கிளப்ப வேண்டும். அது தனி நோம்பி, ஒரு திருவிழா மாதிரி. முதலில் அடியில் கோழி படுத்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். அதை நான் குறை சொல்ல மாட்டேன், பல தடவை படுத்திருந்தது. பிறகு கியரை இப்படியும் அப்படியும் ஆட்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்து, இறங்கி வந்து, ஏறிப் போய் மறுபடியும் ஆட்டுவார். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. பின்னாலும் கூடாது. முக்கியமாக, "எங்க போறீங்க?" என்று எவரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்று சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி போவார். அக்கம்பக்கத்தில் இது தெரிந்து சிலர் வேண்டுமென்றே கேட்டார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது தினப்படி. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதாம். எங்கள் எலுமிச்சை மரத்தில் ஊறுகாய்க்குப் பழம் மிஞ்சியதே இல்லை.

சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பினால் பத்துக்கு ஒன்பது முறை செல்ஃப் எடுக்காது. அப்புறம் முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். அதையெல்லாம் முடித்து, ராசிபுரம் போய் உரம் வாங்கித் திரும்புகிற நேரத்தில் மாட்டு வண்டிக்காரர்கள் போய், வாங்கி, வந்து, மாட்டுக்குத் தண்ணியும் காட்டியிருப்பார்கள்.

இந்தக் காரை நம்பித்தான் என் தலையெழுத்து இருந்தது.

பள்ளி இறுதித் தேர்வு முடித்திருந்தேன். சேலத்தில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்குக் கடிதம் வந்திருந்தது. இன்னொரு பக்கம் மோகனூரில் கரும்புத் தோட்டத்துக்காரர் வீட்டிலிருந்து ஜாதகம் வந்து, பொருந்தியும் போயிருந்தது. அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். சீட்டுக் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவரை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அந்தச் சீட்டு வேண்டும், அவ்வளவுதான். ராத்திரியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

"நான் பஸ்ல போயிக்கிறேனுங்கப்பா" என்றேன்.

"நம்மூட்டுப் புள்ளை பஸ்ல நின்னுக்கிட்டுப் போறதா? கார் எதுக்கு இருக்குது?" என்றார்.

காரில் போகாமலிருப்பதற்கு என்று நான் பதில் சொல்லவில்லை. நினைத்துக்கொண்டேன்.

நேர்காணலுக்குச் சில நாள் முன்னால் ஆத்தூர்ப் பக்கம் யாருடைய காரோ களவு போனதாக டீக்கடையில் ஒரு பேச்சு. அப்பா சோறு தின்னவில்லை. சங்கிலியை அறுக்கலாம், பூட்டை உடைக்கலாம், ஆனால் ரோட்டர் இல்லாத வண்டியைக் கிளப்ப முடியாது என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். ரோட்டர் என்பது பானெட்டைத் திறந்தால், ஒயர்கள் வந்து சேரும் ஒரு மூடிக்குள் சுழலுகிற சின்னத் துண்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அது இல்லாவிட்டால் எஞ்சினில் பொறி தட்டாது. அன்றே அப்பா அதைக் கழற்றித் துணியில் முடிந்து ஒளித்து வைத்தார். எங்கே என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பெண்பிள்ளைகள் வாயில் ரகசியம் நிற்காதாம்.

அந்த நாள் வந்தது. பத்து மணிக்கு நேர்காணல். அப்பா விடியும் முன்பே குளித்து, வேட்டி கட்டி, பட்டை போட்டுக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். கல்லெடுத்தார், சங்கிலி கழற்றினார், ஸ்டியரிங் பூட்டைத் திறந்தார், பேட்டரி ஒயரை மாட்டினார். நான் சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தேன். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்பா ரோட்டரை எடுக்க வீட்டுக்குள் போனார். போனவர் வரவில்லை. நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். மூட்டை அடுக்கும் அறையில், வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இங்கிருந்த மூட்டை எங்க?" என்றார்.

"நேத்துத்தான நீங்களே நின்னு மண்டிக்கு ஏத்தி உட்டீங்க" என்றாள் அம்மா.

மஞ்சள் மூட்டைக்குள் எந்தத் திருடன் கையை விடப்போகிறான் என்று அதற்குள் ஒளித்து வைத்திருக்கிறார். விலை ஏறியிருக்கிறது என்று ஆள் வந்து சொன்னதும், அவசர அவசரமாகச் சாக்குக்கு வாய் தைக்கச் சொல்லி நாமகிரிப்பேட்டை மண்டிக்கு அனுப்பியிருக்கிறார். எங்கள் மஞ்சளோடு எங்கள் ரோட்டரும் ஏலத்துக்குப் போயிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை கேட்டிருக்கிறேன். தாழியைத் தூக்கிச் சந்தைக்கு அனுப்பிய கதையை எங்கள் வீட்டில்தான் பார்த்தேன்.

"சித்த இரு சாமி. மண்டிக்கு ஆளுட்டு வாங்கியாரச் சொல்றேன். வந்ததும் பறந்துரலாம்" என்றார்.

அந்தக் கார் பறந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை முட்டியது. அம்மா அஞ்சறைப் பெட்டியிலிருந்து சில்லறையை அள்ளி என் கையில் திணித்து, மணிக்கட்டைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தூரத்தில் சேலம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அப்பா பின்னாலேயே ஓடி வந்தார்.

"தனியா அனுப்பறியா? இரு, நானுங் கூட வாரேன்" என்றார்.

பஸ் வந்து நின்றது. நான் ஏறினேன். அப்பா ஒரு காலைப் படியில் வைத்தார். அப்படியே திரும்பி வேப்பமரத்தடியைப் பார்த்தார். கதவுகள் திறந்து கிடந்தன. சங்கிலி தரையில் கிடந்தது. சக்கரத்துக்குக் கல் இல்லை. வாங்கிய நாளிலிருந்து அந்தக் கார் அவ்வளவு நிராதரவாக ஒருநாளும் நின்றதில்லை. மறுபடியும் எல்லாவற்றையும் பூட்ட வேண்டுமென்றால் பஸ் ராசிபுரம் தாண்டிவிடும். அப்பா என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, ஏறுறீங்களா இல்லீங்களா?" என்றார் கண்டக்டர்.

அப்பா காலை எடுத்துவிட்டார்.

"வண்டி தொறந்து கெடக்குது சாமி, போட்டுட்டு எப்படி வாரது? நீ பதனமாப் போயிட்டு வா" என்றார். பஸ் நகர்ந்த பிறகு கூடவே நாலடி ஓடி வந்து ஜன்னலில் சொன்னார்: "வரும்போது மண்டியில எறங்கி அந்த ரோட்டரை வாங்கிட்டு வந்துரு!"

இதைச் சொல்லும்போதெல்லாம் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன். அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை. கிளம்பவே முடியாத ஒரு வண்டிக்குத் தான் காவல் நின்றுகொண்டு என்னைத் தனியாக அனுப்பிவிட்டாரே என்று நெஞ்சு எரிந்தது. ராசிபுரம் வரை எரிந்தது. அதற்குப் பிறகுதான், எனக்கு இரண்டு பக்கமும் ஆளில்லாமல் நான் ஒருத்தி எங்கோ போய்க்கொண்டிருக்கிறேன் என்பதே உறைத்தது. ஜன்னலை நன்றாகத் தள்ளித் திறந்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

நேரத்துக்குப் போய்விட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார், "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டார். "யாருமில்லீங்க. அப்பா காரைப் பாத்துக்கிட்டு இருக்காருங்க" என்றேன். கார் வெளியே நிற்கிறது என்று எண்ணிக்கொண்டார் போலிருக்கிறது, மேற்கொண்டு கேட்கவில்லை. சாயங்காலம் பலகையில் ஒட்டிய காகிதத்தில் என் பெயர் இருந்தது.

திரும்புகாலில் நாமகிரிப்பேட்டையில் இறங்கினேன். மண்டியில் எங்கள் மூட்டையைப் பிரித்துக் கொட்டியிருந்தார்கள். எடை போடுகிறவர் துணி முடிச்சை எடுத்து நீட்டினார்.

"உங்க தோட்டத்து மஞ்சள்ல காரும் வெளையுதுங்களா கண்ணு?" என்று கேட்டார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்று நானும் முதல்முறையாகச் சிரித்தேன்.

வீட்டுக்குப் போனபோது அப்பா வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எல்லாச் சங்கிலியும் போட்டாகிவிட்டது. இருந்தாலும் எழுந்து வர மனமில்லை. ரோட்டரை வாங்கி, வேட்டித் தலைப்பால் மஞ்சள் தூளைத் துடைத்து, முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு, "பஸ்ல நம்மாளுங்க ஆராச்சும் பாத்தாங்களா?" என்றார். சீட்டுக் கிடைத்ததா என்று கேட்டது அம்மாதான்.

மோகனூருக்கு, ரெண்டு வருஷம் போகட்டும் என்று அப்பா சொல்லி அனுப்பிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதை மறைக்கக் கூடாது. விடுதிக்குப் போகிற நாளில் காரை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "நீ பஸ்லயே போயிரு சாமி. காரைச் சேலத்துல நிறுத்துனா ஆரு பாத்துக்குவா? அங்கெல்லாம் களவு சாஸ்தி."

என் தகரப் பெட்டிக்கு ஸ்டியரிங்கில் தொங்கிய பூட்டையே கழற்றிப் போட்டார். அவர் எனக்குச் செய்ததிலேயே பெரிய மரியாதை அது, எனக்குத் தெரியும். இரண்டு சாவியில் ஒன்றை என் கையில் வைத்தார். மற்றதை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார்.

"ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

சேலத்தில் இறங்கியதும், பஸ் நிலையத்துக்கு எதிரில் இருந்த கடையில் வேறு பூட்டு வாங்கினேன். பழையதை அங்கேயே கொடுத்துவிட்டேன். கடைக்காரர் இன்னொரு சாவி எங்கே என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன்.

கார் சில வருஷத்தில் காயலான் கடைக்குப் போனது. அந்தச் சாவி மட்டும் அப்பாவின் இடுப்பில் கடைசிவரை தொங்கியது. அது எதுக்குங்க என்று யாராவது கேட்டால், "எம்புள்ளையோட பொட்டித் தொறப்பு" என்பார். நான் பக்கத்தில் இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன்.