சிவாவின் பெயரில் கிடந்த பணம்

யாரும் கேட்டு வராத பணத்தை மாநில அரசு இணையத்தில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். என் பெயரைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. விளையாட்டாக, பழைய அறைத்தோழன் சிவாவின் முழுப்பெயரைத் தட்டினேன். வந்துவிட்டது. பக்கத்திலேயே, படிக்கிற காலத்தில் நாங்கள் இருந்த ஹரிஸ் பார்க் வீட்டு முகவரி.

அது என்ன பணம் என்று உடனே தெரிந்துவிட்டது.

அந்த வீட்டுக்கு ஆளுக்குப் பாதி அட்வான்ஸ் போட்டிருந்தோம். ஒப்பந்தம் அவன் பெயரில். காலி செய்தபோது, அட்வான்ஸைத் திரும்பக் கேட்கும் ஃபாரத்தை நான்தான் நிரப்பினேன். அவன் கையெழுத்து மட்டும் போட்டான். செக் அனுப்ப வேண்டிய முகவரியாக, காலி செய்த வீட்டையே எழுதித் தொலைத்திருக்கிறேன்.

பணம் வரவில்லை என்று அவன் சொன்னதை நான் நம்பவில்லை. ஹெலன்ஸ்பர்க் கோயில் கேன்டீனில், நண்பர்கள் அத்தனை பேர் முன்னால், "என் பணத்தை அமுக்கிட்டான்" என்றேன். அவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு நாங்கள் பேசவே இல்லை.

அன்று மாலையே அவன் நம்பரைத் தேடிப் பிடித்து அழைத்தேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"ஓம், விளங்குது," என்றான். "காசு கிடக்கட்டும். அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால கள்ளன் எண்டு சொன்னனீ. இதையும் எல்லாருக்கும் சொல்லுவியோ?"

சொல்கிறேன் என்றேன். அதற்காகத்தான் இதை எழுதினேன். தலைப்பில் அவன் பெயரைப் போட்டுவிட்டேன். அடியில் என் பெயரைப் போடத்தான் இன்னும் துணிச்சல் வரவில்லை.