தெப்பத்தில் இடம் பிடித்த பெண்கள்

"எம்புட்டுப் படிச்சாலும் கடல் தாண்டிப் போறது ஆம்பளதான் மதினி. இவளுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?" என்று சோமு சித்தப்பா என் அம்மாவிடம் கேட்ட மாலையில், என் விரல்களில் மெழுகு வண்ணக்குச்சியின் வாசனையும் குடில் முழுவதும் வெயிலில் காய்ந்த ஈச்சையோலையின் வாசனையும் இருந்தன.

எழுபதுகளின் நடுப்பகுதி. துபாயில், மணலில் வரிசையாக நின்ற ஓலைக் குடில்களில் ஒன்றில் நாங்கள் இருந்தோம், 'பரஸ்தி' என்பார்கள். அப்பா துறைமுகத்தில் வெல்டர். அவரும் சோமு சித்தப்பாவும் முன்பு ஒரே 'லாஞ்சி'ப் படகில் வந்து, கரைக்கு எட்டத்தில் இறக்கிவிடப்பட்டு, துணி மூட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்திக் கரையேறியவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றும் கூச்சமில்லை.

அந்த ஆண்டு குடில்களைப் பிரிக்கப்போவதாகப் பேச்சு எழுந்தது. அப்பாவின் கம்பெனி ஆண்கள் மட்டும் தங்க 'கேம்ப்' என்று புதிதாக ஒரு விடுதி கட்டியிருந்தது. "லீவு விட்டதும் ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருங்க, நான் கேம்ப்ல இருந்துக்கிறேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

வகுப்பில் ஆஸ்திரேலியா பாடம் நடந்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் தெப்பங்களில் கடல் கடந்து அந்தக் கண்டத்துக்கு முதலில் போனவர்களைப் பற்றி ஒரு பத்தி. வெகுகாலம் கழித்துக் கப்பல்களில் போய்க் குடியேறிய வெள்ளைக்காரர்களைப் பற்றி நான்கு பக்கம். அந்த முதல் பயணத்தை வரைந்து வரச் சொன்னார் டீச்சர். நான் ஒரு தெப்பம் வரைந்து, அதில் கைலி கட்டிய பன்னிரண்டு ஆண்களை நிறுத்தி, ஒவ்வொருவர் தலையிலும் ஒரு தகரப் பெட்டியை வைத்தேன்.

அந்த மாலையில், அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "யாருத்தா இவுக?"

"ஆஸ்திரேலியாவுக்கு மொதமொதல்ல போனவுங்க."

"பொம்பள ஒருத்தியும் இல்லையே."

"லாஞ்சில பொம்பளைங்க வரமாட்டாங்கம்மா."

சோமு சித்தப்பா சிரித்தார். "கரெக்டாத்தான வரைஞ்சிருக்கா."

"அப்பறம் அங்க புள்ளைக எப்படிப் பொறந்துச்சாம்? கேம்ப்லயா?" என்றார் அம்மா.

சித்தப்பா டீ கிளாஸுக்குள் பார்வையை இறக்கிக்கொண்டார். அம்மா களைந்த தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு வந்து, சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "ஆம்பளைக மட்டும் போனா அது கேம்ப்பு. பொம்பளையும் போனாத்தான் அது ஊரு."

தெப்பத்தில் இடமில்லாததால் நான் இரண்டு ஆண்களுக்குச் சேலை கட்டி, அவர்கள் தலையிலிருந்த பெட்டிகளைக் கொண்டைகளாக்கி, ஒருத்தியின் இடுப்பில் ஒரு குழந்தையை வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அப்பா எனக்கு ஆறாம் வகுப்புச் சீருடைத் துணியோடு வந்தார். ஊருக்குள் கராமா பகுதியில் இன்னொரு குடும்பத்தோடு ஒரு வீட்டைப் பங்குபோட்டுக்கொள்ளப் பேசி முடித்திருந்தார்; நடுவில் திரை கட்டிக்கொள்ள வேண்டும். "கேம்ப் என்னாச்சுண்ணே?" என்று கேட்ட சித்தப்பாவிடம், "என் கட்டில வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அந்தப் பேச்சு கலாஸ், முடிஞ்சுபோச்சு" என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன; அந்தக் குடில்கள் இன்று இல்லை. அந்த மணலை நான்கு மாடிக் கட்டடங்கள் மூடிவிட்டன. ஆள் இறக்கும் லாஞ்சிகளும் வருவதில்லை. டீச்சர் சுவரில் ஒட்டிய என் படத்தை அடுத்த ஆண்டு வெள்ளையடித்தபோது கிழித்திருப்பார்கள். ஆனால் அந்தத் தெப்பத்தில் யார் யார் இருந்தார்கள் என்ற கேள்வி மட்டும் என்னோடு கல்லூரி வரை வந்தது. அதை ஆராய ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்று எனக்கு இடம் தந்திருக்கிறது. வருகிறேன் என்று கையெழுத்திட்ட கடிதத்தைப் போன திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிட்டேன்.