லைம்ஸ்டோன் என்ற சொல்லும் ஒரு பருத்திக் கொல்லையும்

நீங்கள் பொய் சொன்னீர்கள், சிமெண்ட் கம்பெனிக்கு நிலம் வாங்க வந்த ஆபீசர் அவர்களே. அந்த மூலையைத் தொட மாட்டோம் என்றீர்கள். தொட்டீர்கள்.

நேற்று பெரம்பலூரில் பக்கத்து வீட்டில் பூச்சு வேலை. ஈரச் சிமெண்ட் வாடை ஜன்னல் வழியாக வந்ததும் நண்பன் ராஜமாணிக்கத்தின் நினைவு வந்துவிட்டது. அரியலூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து இங்கே ஒரு டுடோரியலில் இருவரும் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தோம். எனக்குப் பாதி இங்கிலீஷ்தான் தெரியும்; மீதியைச் சத்தம் போட்டுச் சமாளிப்பேன். அவன் அப்படியில்லை. பஸ்ஸிலேயே ஏதாவது ஒரு சொல்லைக் கடலை மாதிரி உடைத்துக்கொண்டு வருவான்.

ஒருநாள் சுண்ணாம்புக்கல் ஏற்றிய சிமெண்ட் கம்பெனி லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றுவிட்டது. அந்தக் கல்லுக்கான லைம்ஸ்டோன் என்ற சொல்லை எடுத்துக்கொண்டான்.

"ஸ்டோனோட ஆதி வேர் கெட்டியாவுறதுடா. லைமுக்குப் பழைய இங்கிலீஷ்ல பசைன்னு அர்த்தம். இன்னும் கீழ போனா சேறு. இறுகுன சேறு! நம்மூர்ல ஒரு காலத்துல கடல் கெடந்துச்சுல்ல, அந்தச் சேறுதான்."

"சார், கடலுக்கு அப்பறம் போவலாம். மொதல்ல டிக்கெட் எடுங்க" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்தான்.

அந்த இறுகிய சேறு அவனுடைய பருத்திக் கொல்லைக்கு அடியிலும் இருந்தது. சின்னப் பிள்ளை செத்தால் எங்கள் பக்கம் எரிப்பதில்லை. சொந்தக் கொல்லையில் புதைப்போம். அவன் மகள் மூன்று வயதில் காய்ச்சலில் போனாள். கிழக்கு மூலையில் புதைத்தான். சுற்றியிருந்த கொல்லையெல்லாம் விற்றுப்போய், வண்டிப்பாதையும் அடைபட்ட பிறகு அவனும் விற்றான். அந்த மூலையை மட்டும் தோண்டாமல் விடச் சொல்லி உங்களிடம் கேட்டான்.

"எழுதி வாங்குடா" என்றேன்.

"சத்தியம் பண்ணிச் சொன்னாருடா. பெரிய மனுசன்."

எந்தச் சொல்லையும் பிரித்துப் பார்க்காமல் விடாதவன், உங்கள் சொல்லை அப்படியே நம்பினான்.

இப்போது அங்கே கல் வெட்டியெடுத்த பள்ளம்தான். அடியில் பச்சைத் தண்ணீர். பிள்ளை செத்த நாளில் அவன் மனைவி பாலும் பிஸ்கட்டும் எடுத்துப் போகிறாள். கம்பிவேலியோரம் எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறாள். "ஏங்க, இதுக்கு நேராத்தானே இருந்துச்சு?" என்கிறாள். அவனுக்கும் தெரியவில்லை. டுடோரியலை மூடிவிட்டார்கள். பஸ்ஸில் எங்காவது போனாலும் அவன் இப்போது எந்தச் சொல்லையும் உடைப்பதில்லை.

ஆபீசர் அவர்களே, அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். ஊரே உட்கார்ந்திருக்கும். மைக்கைப் பிடியுங்கள். அந்தப் பிள்ளையின் எலும்பை மண்மேட்டில் கொட்டினீர்களா, கல்லோடு சேர்த்து அரைத்தீர்களா? அவள் அம்மா காதில் விழும்படி சொல்லுங்கள்.