டிரம்முக்குள் ஆட்டுத்தொடை

என்னிடம் தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்று இருக்கிறது. தேதி அச்சிட்டிருந்த இடத்தில் கொழுப்புக் கறை படர்ந்து எண் தெரியவில்லை. 'ஞாயிறு' என்பதும், அதன் கீழே சிறிய எழுத்தில் 'பௌர்ணமி பகல் 1.52 வரை, பிறகு பிரதமை' என்பதும் தெளிவாக இருக்கின்றன. பின்பக்கம் பென்சிலில், அன்று கறி தின்ற கையோடு நினைவிலிருந்து எழுதிய என் கையெழுத்து:

"7.10 தீ வைச்சாச்சு. 8.05 கறி உள்ளே. 9.30 சித்தப்பா மூடியைத் திறக்க விடல. 10.15 மறுபடியும் விடல. 10.40 வாசனை!!!"

இத்தாள் என் ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டுக்குள் கிடைத்ததால், ஐந்தாம் வகுப்பு ஆண்டு என்று கொள்கிறேன். மூன்று ஆச்சரியக்குறிகளுக்கும் நானே பொறுப்பு. அந்த வாசனைக்கு மூன்று போதாது என்பதுதான் இன்றும் என் கருத்து.

சித்தப்பா ஷார்ஜாவில் ஓர் உணவகத்தில் ஆறு ஆண்டுகள் கரி அடுப்பின் முன் நின்றவர். ஒரு மாத விடுப்பில் வந்திருந்தார். திரும்பிப் போக அவருக்குத் துளியும் மனமில்லை. வேங்கிக்கால் சாலையோரம் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு துண்டு மனை சும்மா கிடந்தது. அதில் புகையில் வாட்டிய கறி விற்கும் கடை போட வேண்டும் என்பது அவர் ஆசை. மனை விஷயத்தில் முடிவு அப்பாவுடையது. அப்பா பேருந்து நடத்துநர்; எதையும் சுருக்கமாகச் சொல்லிப் பழகியவர்.

"ஒரு வாட்டி செஞ்சு காட்டு. தின்னு பாக்கறேன். நல்லா இருந்தா இங்கயே இரு. இல்லன்னா பேசாம பிளேன் ஏறு" என்றார்.

சித்தப்பா அதற்குக் குறித்த நாள்தான் அந்த ஞாயிறு. அதை விட்டால் வேறு நாளும் இல்லை. அப்பா அன்று ஒரு மணிக்கு வெளியூர் டூட்டிக்குக் கிளம்பினால் திங்கள் இரவுதான் திரும்புவார். சித்தப்பாவோ திங்கள் மதியமே விமானம் ஏறச் சென்னைக்குப் புறப்பட வேண்டும்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, வயல் பக்கம். கொல்லையில் நின்றால் மலை முழுதாகத் தெரியும். அங்கேதான் சித்தப்பா தன் டிரம்மை நிறுத்தினார். இரண்டு நாள் நெருப்புப் போட்டு எரித்துச் சுத்தம் செய்த இரும்பு டிரம். கீழே காற்றுப் போக ஒரு சதுர ஓட்டை, நடுவில் கம்பி வலை, மேலே கைப்பிடி வைத்த மூடி. வெல்டிங் கடைக்காரர் அதைத் தண்ணீர் காய்ச்சும் பாய்லர் என்றே நினைத்துச் செய்து கொடுத்தாராம்.

விறகு வேலிகாத்தான், அதாவது சீமைக் கருவேலம். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏன்டா, முள்ளுல போயி கறிய வாட்டறியா? இத வெட்டி எறியத்தான் ஊரே ஆள் தேடுது."

"நீ சும்மா இருண்ணா. அமெரிக்கால இதோட பங்காளி மரத்த துண்டு போட்டு பாக்கெட்ல விக்கறான். இந்தப் பொகைக்கு அவ்ளோ மவுசு."

"அப்ப நம்ம ஏரி பூரா மவுசுதான்."

நன்றாகக் காய்ந்த வேலிகாத்தான், அது தணலானதும் மேலே கொஞ்சம் கொய்யாக் குச்சி, நடுநடுவே தேங்காய்ச் சிரட்டை. ஆட்டுத் தொடையை முந்தின மாலையே வாங்கி, தயிர், மிளகு, பூண்டு, அரைத்த பப்பாளிக்காய் எல்லாம் தடவி, மீன்காரர்கள் வைத்திருப்பது போன்ற தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மாமரத்தடியில் வைத்திருந்தார். பௌர்ணமி தொடங்கி முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் கறி தின்பதில்லை, கறி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வருவதுமில்லை.

ஞாயிறு காலை அப்பா முந்தின நாளின் கிரிவலச் சிறப்புப் பேருந்து டூட்டியை முடித்துவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா போளூரில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கொல்லையில் நானும் சித்தப்பாவும் மட்டும். முதலில் வந்த வெள்ளைப் புகை கண்ணைப் பிடுங்கியது. "இது ஆவாது, கசக்கும்" என்று அவர் காத்திருந்தார். பிறகு புகை மெலிந்து நீலமானது. "இதான்! இதான் பாப்பா!" என்று துள்ளிக் குதித்துத் தொடையை வலைமேல் கிடத்தி, மூடியைப் போட்டு, சுற்றிலும் ஈரச் சாக்கைச் சுருட்டி வைத்தார்.

அதன்பிறகு என் வாழ்நாளின் மிக நீளமான காலை தொடங்கியது. உள்ளே கொழுப்பு உருகித் தணலில் சொட்டும்போது 'சுஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஒவ்வொரு சொட்டுக்கும் மூடியின் விளிம்பில் ஒரு சுருள் புகை. தெரு நாய்கள் மூன்று வரிசையாக உட்கார்ந்துவிட்டன. காக்கைகள் மாமரத்தில் கூட்டம் போட்டன. பத்தரைக்கு மேல் காற்று திரும்பியது. மிளகும் புகையும் கொழுப்பும் ஒன்றாகிப் போன அந்த மணம் என் முகத்தில் வந்து மோதியது. நான் டிரம்மைச் சுற்றி ஓடினேன். எத்தனை சுற்று என்று குறித்துவைக்காததற்கு வருந்துகிறேன்.

அம்மா பதினொன்றே காலுக்கு வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இன்னாது இது? பௌர்ணமி முடிஞ்சிடுச்சா?"

"நேத்தே முடிஞ்சிருக்கும் அண்ணி. காலண்டர்ல நெலா படம் சனிக்கெழமைலதான போட்டிருக்கான்."

"நெலா படத்த பாத்துட்டு கறிய ஏத்தற ஆள இப்பத்தான் பாக்கறேன். அடுத்த நாள் தாள பெரட்டிப் பாக்கத் தெரியாதா? ஆறு வருஷம் அங்க இருந்து எல்லாம் மறந்துபோச்சா? பாப்பா, ஓடிப் போயி எத்தினி மணி வரைக்கும்னு பாத்துட்டு வா."

சித்தப்பாவின் முகம் வெளிறிவிட்டது. பௌர்ணமி எந்த நாளில் தொடங்குகிறதோ அந்தத் தாளில்தான் நிலாப் படம் போடுவார்கள். மறுநாள் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பது மறுநாள் தாளில்தான் இருக்கும். எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி.

தினமும் காலண்டர் தாள் கிழிப்பது வீட்டில் என் வேலை. அன்று பரபரப்பில் மறந்திருந்தேன். சனிக்கிழமையைக் கிழித்தேன். 1.52. அப்பா கிளம்பிப் போய் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குப் பிறகு. அதாவது அப்பா ஒரு வாய்கூடத் தின்ன முடியாது. சித்தப்பா பிளேன் ஏறிவிடுவார். அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு அந்த டிரம்மில் நிஜமாகவே தண்ணீர்தான் காயும்.

கொல்லைக்குத் திரும்பினேன். அப்பா எழுந்து குளித்து, காக்கிச் சட்டையில், ஜன்னல் கம்பியில் செருகிய கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"பன்னண்டு அம்பத்திரண்டு" என்றேன்.

அப்பாவின் சீப்பு நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"பன்னண்டு அம்பத்திரண்டா?"

"ஆமாப்பா."

"ஒரு மணிக்குக் கெளம்பணும். எட்டு நிமிஷம் இருக்கு. போதும்" என்று மறுபடியும் வாரத் தொடங்கினார்.

நான் உள்ளே ஓடி ஞாயிறையும் கிழித்து, கணக்கு நோட்டுக்குள் ஒளித்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் மட்டும் பதினொன்றரை மணிக்கே திங்கள் பிறந்துவிட்டது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மூடி திறந்தது. அந்தக் காட்சியை எழுத எனக்குப் போதிய மொழி இல்லை. கருஞ்சிவப்பாய், எண்ணெய் பூசிய தேக்குக் கட்டைபோல மின்னிக்கொண்டு தொடை கிடந்தது. சித்தப்பா எலும்பைப் பிடித்து லேசாகத் திருகினார். அது கறியைவிட்டுத் தானாகக் கழன்று வந்தது. நாய்கள் எழுந்து நின்றன. எல்லோரும் அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம்.

"ஆச்சு" என்றார் அப்பா.

முதல் துண்டு அவருக்கு. நின்றபடியே வாயில் போட்டு, வயலைப் பார்த்துக்கொண்டு மென்றார். சித்தப்பா கையில் இடுக்கியோடு, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி நின்றார். அப்பா கையை நீட்டினார். இரண்டாவது துண்டு. மறுபடியும் நீட்டினார். மூன்றாவது.

"எப்பிடிண்ணா இருக்குது? சொல்லித் தொலையேன்!"

அப்பா விரல்களை ஒவ்வொன்றாக நக்கி முடித்தார். "தெனம் நூறு டிக்கெட் கிழிக்கறேன். ஒன் பிளேன் டிக்கெட்டையும் சேத்துக் கிழிச்சிடறேன், எடுத்தா."

சித்தப்பா போட்ட கூச்சலில் காக்கைகள் மொத்தமும் பறந்தன. அப்பாவை அப்படியே தூக்கிச் சுற்றினார். "டேய், யூனிபார்ம்டா, யூனிபார்ம்! பொகை நாத்தம் வரும்!" என்று அப்பா கத்தினார். அம்மா சிரித்துச் சிரித்து மாமரத்தைப் பிடித்துக்கொண்டாள். நானும் தின்றேன், நான்கு துண்டு. மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு தின்றேன். வெளியே மொரமொரப்பு, உள்ளே வெண்ணெய். நாக்கில் காரம், மூக்கில் வேலிகாத்தான். பயம் வயிற்றில் ஒரு மூலையில் இருந்தது என்பது உண்மை. ஆனால் அங்கே அதற்கு அதிக இடமில்லை.

கடை இன்றும் வேங்கிக்கால் சாலையில் இருக்கிறது. பௌர்ணமி தொடங்கியது முதல் முடியும்வரை அடைப்பு. நேரத்தைச் சித்தப்பா இரண்டு தாளையும் புரட்டிப் பார்த்துப் பலகையில் எழுதுகிறார்.

அந்த ஞாயிறுக்கு அடுத்து வந்த பௌர்ணமியன்று விடிகாலையில் அப்பா என்னை எழுப்பி, "மலை சுத்த வா" என்றார். விடுப்பு எடுத்திருந்தார். வீட்டு வாசலில் தொடங்கிச் செருப்பில்லாமல் முழுச் சுற்று. வழியில் ஒவ்வொரு லிங்கத்தின் முன்னும் நின்று கும்பிடச் சொன்னார். அவர் வாங்கித் தந்த சுண்டலும் பனங்கிழங்கும்தான் எனக்கு அன்றைய பெரிய செய்தி. வெயில் ஏறுவதற்குள் மறுபடியும் எங்கள் வீட்டுத் திருப்பத்துக்கு வந்துவிட்டோம்.

"நீ வூட்டுக்குப் போ பாப்பா. நான் இன்னொரு சுத்து போய்ட்டு வரேன்" என்றார்.

"எதுக்குப்பா?"

"எனக்கு."

அவருக்கு நடப்பது பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

கிரிவலச் சிறப்புப் பேருந்துகள் பௌர்ணமி முடியும்வரை ஓடும் என்பதும், அந்த நேரம் டூட்டி எழுதும் பலகையிலேயே இருக்கும் என்பதும் பல ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரியவந்தது. அந்த ஞாயிறுக்கு முந்தின நாள் அதே பேருந்தில் நாள் முழுக்க டிக்கெட் கிழித்தவர் அந்தப் பலகையைப் படித்திருப்பாரா? போன மாதம் நேரடியாகவே கேட்டுவிட்டேன். "யாருக்கு ஞாபகம் இருக்குது அதெல்லாம்" என்று சொல்லிவிட்டு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அப்பாவுக்கு உண்மையான நேரம் தெரிந்திருந்ததா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.