இரண்டாம் வகுப்பில் அடைகாத்த கோழி

சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிற தொழிலில், பாடம் உயிரோடு நடந்து வகுப்புக்குள் வராதவரைக்கும் ஆபத்தில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. எதையும் செய்து காட்டிப் படிப்பிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்த காலம். ‘வளர்ப்புப் பிராணிகள்’ பாடத்தை நானும் செய்து காட்டப் புறப்பட்டேன். இதே பாடத்தைப் படிப்பித்து, சட்டையில் கீறல் வாங்கிய சக ஆசிரியர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

மான்

முதல் நாள், வீட்டில் வளரும் பிராணியைப் படமாகக் கீறச் சொன்னேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் ஒன்பது பேர் மான் கீறியிருந்தார்கள். நகரத்துத் தெருக்களில் மான்கள் நின்று குப்பை மேய்வது எங்கள் ஊரில் யாருக்கும் புதினமில்லை. ஆனாலும் புத்தகத்தைத் திறந்து, மான் காட்டு விலங்கு என்று காட்டினேன்.

முன்வாங்கில் இருந்த ஒருத்தி புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “அது காலமை எங்கட குசினி வாசல்ல நிண்டு கஞ்சி குடிச்சிட்டுத்தான் போனது சேர். புத்தகம் எழுதின ஆக்கள் எந்த ஊர்?”

தவணை

இரண்டாம் நாள், உயிருள்ள பிராணி ஒன்றைக் கொண்டுவரலாம் என்றேன். சபீனா ஒரு கறுப்புக் கோழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே அவளுடைய உம்மா, தோப்பூரில் தம்பி வீட்டிலிருந்து வந்த ஒன்பது முட்டைகளைப் பன்புல்லில் இழைத்த பன்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். கோழி அடைக்கு இருக்கத் தொடங்கியிருந்தது. வகுப்பில் வைத்துப் பொரிக்கவைத்தால் பிள்ளைகள் எல்லோரும் பார்க்கலாம் என்பது சபீனாவின் யோசனை. நான் உடனே சம்மதித்தேன். அதிபர் அவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கவில்லை. கடைசியில், உடைந்த கதிரைகள் போட்டிருக்கும் பக்கத்து அறையைத் தந்தார்.

சபீனாவுக்கு ஏன் அத்தனை அவசரம் என்பதை உம்மாதான் சொன்னார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இருபத்தாறு நாள் இருந்தது. “இது ரெண்டு தரம் அடைக்கு வைச்சும் எல்லாம் கூழ்முட்டை சேர். இந்த முறையும் பொரிக்காட்டி பெருநாளுக்கு அறுக்கிறதுதான். பிள்ளையிட்டச் சொல்லிப்போட்டன், அழுது பிரயோசனம் இல்லையெண்டு.”

இரும்பு

பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகப் போய், கோழிக்குத் தண்ணீரும் குரக்கன் தானியமும் வைத்துவிட்டு, கண்டதை வந்து வகுப்பில் சொல்ல வேண்டும். அதுதான் செயல்முறை. ஒரு வாரம் நன்றாக நடந்தது. எட்டாம் நாள் கடற்படைக்காரர் பயிற்சிக்குப் பீரங்கி சுட்டார்கள். யன்னல்கள் அதிர்ந்தன. இடி முழங்கினால் அடைமுட்டை கூழாகும், பக்கத்தில் ஒரு இரும்புத் துண்டு வைத்தால் ஒன்றும் செய்யாது என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் உள்ள நம்பிக்கை. பீரங்கிக்கு எவ்வளவு இரும்பு வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பிள்ளைகள் கணக்குப் பார்க்கவில்லை.

மறுநாள் நான் வருவதற்குள் கோழி அடையிருந்த பெட்டிக்குள் ஆணி, சாவி, லாடம், வள்ளத்துச் சங்கிலித் துண்டு, யாரோ வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. கோழி உட்கார இடமில்லாமல் யன்னல் கட்டையில் ஏறி நின்றது. முட்டைகள் தொட்டால் குளிர்ந்தன. இரும்பை அள்ளி வெளியே போட்டு, கோழியைப் பிடித்து இருத்த ஒரு மணித்தியாலம் பிடித்தது. சபீனா சுவரோடு ஒட்டி நின்றாள். வாசலில் வந்து நின்ற அதிபர் குவியலைப் பார்த்தார். “மாஸ்டர், இனிக் கப்பல் கட்டுற யோசனையும் இருக்கோ?”

மணல்

இரும்பை எடுத்த கையோடு எண்ணினேன். எட்டு முட்டைதான் இருந்தது. களவு என்று வகுப்பில் கதை கிளம்பியது. மாலையில் அதே வகுப்பில் படிக்கும் ராணி தானாகவே வந்து, கிணற்றடிக்கு அப்பால் மணலில் ஒரு இடத்தைக் காட்டினாள். அவள் குடும்பம் இறக்கக்கண்டியிலிருந்து தொழிலுக்காக இங்கே குடிவந்தது. தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஆமை கரைக்கு வந்து முட்டையை மணலில் புதைத்துவிட்டுப் போவதையும், பிறகு குஞ்சுகள் தாங்களாகவே வெளியே வருவதையும் அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். கோழி யன்னலில் நிற்பதைக் கண்டதும் ஒரு முட்டையை எடுத்து ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிட்டாள்.

அந்த முட்டை தப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவளை ஏச எனக்கு வாய் வரவில்லை. “சபீனாட கோழியை அறுக்கப்போறாங்கள் எண்டவை சேர். ஒண்டாவது பொரிக்கட்டும் எண்டு வைச்சனான். கோழி எழும்பிப் போகும், மணல் எழும்பிப் போகாதுதானே.”

இருபத்திரண்டு

இருபத்தோராம் நாள் கணக்குப்படி பொரிக்க வேண்டும். பொரிக்கவில்லை. இருபத்திரண்டாம் நாளும் இல்லை. பெருநாளுக்கு இன்னும் நான்கு நாள். அன்று சபீனா கணக்குப் பாடத்தில் ஒரு வரியும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு காலைநேரக் குளிர் முட்டையை எவ்வளவு பிந்த வைக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். நான் படித்ததெல்லாம் படிப்பிக்கத்தான்.

இருபத்துமூன்றாம் நாள் காலை உம்மா பன்பெட்டியோடு வந்தார், கோழியைக் கொண்டுபோக. நான் கதவைத் திறந்தேன். கோழி எங்களைக் கண்டு சிலிர்த்துக்கொண்டு எழும்பியது. கீழே ஈரம் காயாத மூன்று குஞ்சுகள். நாலாவது ஓட்டுக்குள் இருந்து தட்டிக்கொண்டிருந்தது. சபீனாவும் ராணியும் கையைக் கோத்துக்கொண்டு குந்தியிருந்து பார்த்தார்கள். மற்றவர்கள் யன்னலில் தொங்கினார்கள். உம்மா கோழியைப் பிடிக்கக் கையை நீட்டினார். அது சுருக்கென்று கொத்தியது. அவர் விரலைச் சூப்பிக்கொண்டே பன்பெட்டியை மகளிடம் கொடுத்தார். “நான் ரெண்டு தரம் பிள்ளை பெத்து எழும்பேக்க என்னை ஆரும் இப்பிடிப் பிடிச்சுக்கொண்டு போக வரயில்ல. இருக்கட்டும் சேர், பெருநாளுக்குக் கறி வேற பாப்பம்.”

அந்தத் தவணைப் பரீட்சையில் ‘வளர்ப்புப் பிராணிகள் மூன்று எழுதுக’ என்ற கேள்விக்கு அரைவாசி வகுப்பு ‘கோழி, கோழி, கோழி’ என்று எழுதியிருந்தது; முழுப் புள்ளி போட்டதற்கு நான் இன்றுவரை யாருக்கும் விளக்கம் கொடுக்கவில்லை.